ஒரு வண்டிக் குப்பை

மளிகைக் கடைகளில் ஷாம்பு பாக்கெட் சரங்களுக்குப் பக்கத்தில் சின்னப் பொட்டலங்களாக ஒரு பொடி தொங்கும். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. சாணிப் பவுடர். மஞ்சளில் ஒன்று, பச்சையில் ஒன்று. ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டால் தண்ணீர் சாணி கரைத்தது போல நிறம் மாறிவிடும். அதை வாசலில் தெளித்துக் கோலம் போட்டுவிட்டால், தெருவில் போகிறவர் கண்ணுக்கு அது சாணி தெளித்த வாசல்தான்.

சாணி பெயரில் மட்டும்தான் இருக்கிறது. மஞ்சள் பொடி ஆரமின், பச்சைப் பொடி மாலகைட் கிரீன். இரண்டும் செயற்கைச் சாயங்கள், உடலுக்குள் போனால் கடும் நஞ்சு. இந்த வட்டாரத்து மருத்துவர்கள் ஆய்விதழ்களில் தனியாக எழுதும் அளவுக்கு இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. தடை வந்தது, கடைகளில் சோதனை நடந்தது, பறிமுதல் நடந்தது. அதற்குப் பிறகும் கேட்கிற ஆளுக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

மாடு போய்விட்டது, மண் தரை போய்விட்டது, சாணியும் போய்விட்டது. வாசலுக்கு அந்த நிறம் மட்டும் வேண்டியிருந்தது. எதைச் சுத்தம் என்கிறோம், எதை அழுக்கு என்று ஒதுக்குகிறோம் என்பது கொங்கு நாட்டில் ஒரு நூறு ஆண்டுகளுக்குள் எவ்வளவு இடம் மாறியிருக்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பொட்டலம்தான்.

என் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வீடு காங்கேயம் பக்கம். ஆசாரம் என்கிற கூடம் மட்டும் சிமெண்ட், மற்றதெல்லாம் மண் தரை. புதுச் சாணியைக் குண்டாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, முழங்கை வரை கை விட்டுக் கரைப்பார். தும்பையும் வைக்கோலையும் அரித்து எடுத்துவிட்டு ஒரு பிடி செம்மண் சேர்ப்பார். அப்புறம் குத்த வைத்து உட்கார்ந்து, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, அரை வட்டம் அரை வட்டமாக மெழுகிக்கொண்டே போவார். காய்ந்த பிறகு அந்த விரல் தடம் தரை முழுக்க மீன் செதில் மாதிரித் தெரியும். மத்தியானத்தில் அதன் மேல் பாய் போடாமலே படுத்துக்கொள்வோம், அத்தனை குளிர்ச்சி.

இதில் நடப்பது எளிமையான காரியம். மாடு செரிக்காமல் விட்ட நார் சாணியில் நிறைய இருக்கிறது. அது மண்ணோடு சேர்ந்து காயும்போது மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, வெடிப்பை அடைக்கிறது, புழுதி கிளம்பாமல் பார்த்துக்கொள்கிறது. மண் தரை உள்ள வீட்டில் சுத்தம் என்றால் முதல் வேலை புழுதியை அடக்குவதுதான். அதற்கு அன்றைக்குக் கையில் இருந்த பொருளில் சாணியைவிட நல்லது எதுவும் இல்லை.

சாணி கிருமிநாசினி என்று இப்போது பலரும் அழுத்திச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புதுச் சாணியில் குடல் நுண்ணுயிர்கள் ஏராளம். ரணஜன்னியை உண்டாக்கும் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணியிலும்தான் குடியிருக்கின்றன. இந்தியாவின் பல பகுதிகளில் பச்சைக் குழந்தையின் தொப்புளில் சாணியோ சாணிச் சாம்பலோ வைக்கும் பழக்கம் இருந்தது, அதில் எத்தனையோ குழந்தைகள் போயிருக்கின்றன. தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் பரவிய பிறகுதான் நிலைமை மாறியது. தாய்க்கும் சேய்க்கும் வரும் ரணஜன்னி இந்தியாவில் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2015இல். ஆக, தரைக்கு நல்லதாக இருந்த பொருள் காயத்துக்கு எமனாக இருந்தது. எந்தப் பொருளும் தன்னளவில் அழுக்கும் இல்லை, சுத்தமும் இல்லை. அது எங்கே இருக்கிறது, அங்கே என்ன செய்கிறது என்பதுதான் பேச்சு.

இதை நம் ஊர்ச் சொல் ஒன்றே காட்டிக்கொடுக்கும். கொங்கில் விவசாயிகள் பேசும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். “காட்டுக்குக் குப்பை அடிச்சாச்சுங்களா?” என்பார்கள். வெளியூர்க்காரர் திகைத்துப்போவார். நிலத்தில் போய் ஏன் குப்பையைக் கொட்டுகிறார்கள்? இங்கே குப்பை என்றால் தொழு எரு. கட்டுத்தரையில் விழும் சாணி, மூத்திரத்தில் ஊறிய தட்டுக்கூளம், மாடு கழித்த சோளத்தட்டு, அடுப்புச் சாம்பல், வாசல் கூட்டிய சருகு எல்லாம் குப்பைக்குழிக்குப் போகும். வருஷம் முழுக்க அது உள்ளே வெந்து, கோடை உழவுக்கு முன்னால் கருத்து உதிர்ந்து வரும். அதை வண்டிக் கணக்கில் விலை பேசுவார்கள். மஞ்சள் போடுகிறவர், புகையிலை போடுகிறவர் எல்லாம் குப்பைக்கு அலைவார்கள். குப்பைமேடு பெரிதாக இருக்கிற தோட்டம் வசதியான தோட்டம் என்று அர்த்தம்.

குப்பையைச் சுமந்து போகக் கூலி கொடுக்க முடியாத இடத்துக்கு ஆட்டையே கூட்டிப் போனார்கள். செம்மறிகளை ராத்திரியில் படல் கட்டிப் பட்டியில் அடைத்து, சில நாளுக்கு ஒரு முறை படலைப் பிடுங்கி அடுத்த இடத்தில் நட்டு, நிலம் முழுக்கப் பட்டி நகர்த்துவார்கள். “ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்” என்ற பழமொழி அனுபவக் கணக்கு. ஆட்டுப் புழுக்கை சீக்கிரம் மக்கிப் பயிருக்குக் கிடைத்துவிடும், மாட்டுச் சாணி மெதுவாகக் கொடுக்கும்.

பாத்திரம் கழுவிய தண்ணீர் சலதாரை வழியாகப் பொடக்காலி என்கிற கொல்லைப்புறத்துக்குப் போகும், அங்கே வாழையும் கறிவேப்பிலையும் நிற்கும். தேய்க்கச் சாம்பலும் தேங்காய் நாரும், பித்தளைக்குப் புளி. தலைக்கு அரப்பு, அதாவது எங்கள் பக்கம் ஊஞ்ச மரம் என்கிற உசில் மரத்தின் இலையைக் காய வைத்து இடித்த பொடி. அந்த இலையில் இயல்பாகவே நுரைக்கும் சாப்போனின் இருக்கிறது, அதுதான் எண்ணெயைப் பிரித்து எடுக்கிறது. இன்றைக்கும் எங்கள் பக்கத்துச் சந்தைகளில் அரப்பு கிடைக்கிறது. இவற்றில் எது மண்ணுக்குப் போனாலும் மண் அதைத் தின்றுவிடும். வீட்டுக்கு வெளியே தூக்கி எறிந்தால் பிரச்சினை தீர்ந்தது என்கிற நம் பழக்கம் இந்தக் காலத்தில் உருவானது. அன்று அது பொருந்தியது. எறிகிற பொருள் மாறிய பிறகும் கை மட்டும் பழைய பழக்கத்திலேயே எறிந்துகொண்டிருக்கிறது.

பழைய காலம் சுத்தமாக இருந்தது என்று இங்கேயே நிறுத்திக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கும். நிறுத்தினால் அது பொய்யாகிவிடும். நம்மிடம் அழுக்கு என்று ஒரு கணக்கு இருந்தது, தீட்டு என்று இன்னொரு கணக்கும் இருந்தது. அழுக்கு கழுவினால் போகும். தீட்டு மனிதர் மேல் ஒட்டிவைக்கப்பட்டது. சிலருக்குச் சில நாட்கள், சிலருக்கு ஆயுள் முழுக்க.

கட்டுத்தரை கூட்டியவர்கள், குப்பை சுமந்தவர்கள், செத்த மாட்டை அப்புறப்படுத்தியவர்கள், தோல் பதனிட்டவர்கள் பெரும்பாலும் அருந்ததியர். ஊர் சுத்தமாக இருந்தது அவர்கள் உழைப்பால். அதே உழைப்பைக் காரணம் காட்டி அவர்களையே ஊர் அசுத்தம் என்றது. கரண்ட் மோட்டார் வருவதற்கு முன்னால் கொங்குக் கிணறுகளில், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓடியது நினைவிருக்கும். சால் என்கிற இறைப்பு வாளியின் அடியில் தோலில் தைத்த நீண்ட வால் ஒன்று இருக்கும், தண்ணீர் அதன் வழியாகத்தான் வாய்க்காலில் கொட்டும். அந்தத் தோலைப் பதனிட்டுத் தைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அதன் வழியாக வந்த தண்ணீரில் தோட்டம் விளைந்தது, தோட்டத்துக்காரர் குளித்தார். ஆனால் தைத்தவர் கை நீட்டிக் கேட்டால் கொட்டாங்குச்சியில்தான் ஊற்றினார்கள். இதில் சுத்தத்துக்கு எங்கே இடம் இருக்கிறது? கிருமியைப் பற்றிய பயம் என்றால் தோலிலிருந்து அல்லவா தொடங்கியிருக்க வேண்டும்!

அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனால் 2000களிலும் கொங்குப் பகுதித் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததை இயக்கங்களும் பத்திரிகைகளும் பதிவு செய்திருக்கின்றன. அப்புறம் எல்லாருக்கும் பேப்பர் கப் வந்தது. சுகாதாரம் என்ற பெயரில் வந்த ஒரு பொருள் பல கடைகளில் குவளைச் சண்டையையும் சத்தமில்லாமல் மூடிவைத்தது. மனசு மாறாமலே பழக்கம் மாறிப்போன இடங்களில் இதுவும் ஒன்று. அந்தக் கப்புக்குள் பிளாஸ்டிக் பூச்சு இருந்ததால் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அமலுக்கு வந்த தடைப் பட்டியலில் அதுவும் சேர்ந்தது தனிக் கதை.

தீட்டு எப்படி நிஜமான அசுத்தத்தை உண்டாக்குகிறது என்பதற்குக் கோவையிலேயே உலகம் அறிந்த உதாரணம் இருக்கிறது. அருணாசலம் முருகானந்தம், 1998இல் கல்யாணமான புதிதில், மனைவி மாதவிடாய்க்கு வைத்திருந்த கிழிசல் துணியைப் பார்த்துத்தான் இந்த விஷயத்துக்குள் வந்தார். குறைந்த விலையில் நாப்கின் செய்யும் சிறு இயந்திரத்தை உருவாக்கினார், 2016இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் பார்த்த அந்தத் துணியை யோசித்துப் பாருங்கள். பருத்தித் துணியை நன்றாகத் துவைத்து உச்சி வெயிலில் காய வைத்தால் அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதை யார் கண்ணிலும் படாமல் வைக்க வேண்டும். அதனால் வேறு துணிக்கு அடியில், ஓட்டு இடுக்கில், இருட்டில், ஈரத்தோடு. தீட்டு என்று மறைத்த மறைப்புதான் துணியை நோய்க்கு இடமாக்கியது. ‘வீட்டுக்குத் தூரம்’ என்று மூன்று நாள் திண்ணையில் உட்கார வைத்த வீடுகளில், அந்தத் துணிக்கு ஒரு கொடிக்கயிறும் வெயிலும் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

கிருமி என்ற சொல் நம் நகரங்களின் வரைபடத்தையே மாற்றியிருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் கோவையைப் பிளேக் திரும்பத் திரும்பத் தாக்கியது. வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் ஜனங்கள் கதவைச் சாத்திவிட்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். எலித் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று பால் லூயி சிமோண் கண்டறிந்தது 1898இல். அதைக் கேள்விப்படாதவர்களுக்கும் எலியைக் கண்டால் ஓட வேண்டும் என்று அனுபவம் சொல்லியிருந்தது. கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. நோயின் ஆங்கிலப் பெயரையே அம்மனுக்கு முன்னால் சேர்த்துக் கும்பிட்ட ஊர் இது. அந்த நெரிசலிலிருந்து ஊரை வெளியே விரிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் அகலத் தெருக்களோடு வளர்ந்ததுதான் ஆர்.எஸ்.புரம். நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ்.ரத்தினசபாபதி முதலியார் பெயரில் நிற்கிறது. 1930களின் தொடக்கத்தில் சிறுவாணித் தண்ணீர் குழாயில் வந்ததிலும் அவர் பங்கு உண்டு. தண்ணீர் தலைச்சுமையாக வந்த வரை குளியல் என்பது கணக்குப் பார்த்துச் செய்யும் காரியம். “கூழானாலும் குளித்துக் குடி” என்ற பழமொழியை, இரண்டு மைல் நடந்து ஒரு குடம் கொண்டுவந்தவர் பக்கத்தில் நின்று கேட்டால்தான் அதன் பாரம் புரியும். குழாய் வந்த வீட்டுக்குத் தினசரிக் குளியல் ஒழுக்கமாக மாறியது. குழாய் வராத வீட்டை அழுக்கு வீடு என்று சொல்லவும் அதே குழாய்தான் சொல்லிக்கொடுத்தது.

அடுத்து வெள்ளை. துணி வெள்ளையாக இருந்தால் சுத்தம் என்கிற கண் நமக்கு எப்போதோ வந்துவிட்டது. முன்பு அது வண்ணார் கையில் இருந்தது. உவர்மண்ணில் முக்கி, வெள்ளாவி வைத்து, ஆற்றுக் கல்லில் அடித்துத் துவைத்தார்கள். உவர்மண்ணில் இருப்பது இயற்கையான சோடா உப்பு, ஆவியின் சூட்டில் அது எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிக்கும். பிறகு 501 பார் சோப்பு, நிர்மா, சொட்டு நீலம் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்தன.

உலகத்துக்கே பனியன் தைக்கும் திருப்பூரில் இந்த வெள்ளையை உண்டாக்க ஆறு ஒன்று விலையாகப் போனது. பின்னலிலிருந்து வரும் பருத்தித் துணி மங்கலாகத்தான் இருக்கும். அதைப் பிளீச்சிங்கில் வெளுக்க வேண்டும், அதன் மேல்தான் சாயம் ஏறும். சாயம் துணியில் பிடிக்க உப்பு வேண்டும், அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. பருத்தி இழையும் சாயமும் தண்ணீரில் ஒன்றையொன்று தள்ளும், உப்பு அந்தத் தள்ளலை அடக்கிச் சாயத்தை இழைக்குள் அனுப்புகிறது. வேலை முடிந்ததும் உப்பு முழுதும் கழிவுத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். வெள்ளியங்கிரி மலையில் தெளிவாகப் பிறக்கும் நொய்யல் பல வருஷம் அதைத்தான் சுமந்தது. பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாக மாறியது. அணை கேட்டுப் போராடிய விவசாயிகளே, தண்ணீர் திறக்காதீர்கள் என்று போராட வேண்டி வந்தது. கிணறுகளில் உப்பு ஏறியது, தென்னை காய்ப்பை நிறுத்தியது. வழக்குகள் வருஷக்கணக்கில் நடந்து, கழிவை முற்றிலும் வெளியே விடாத நிலை வரும் வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன, வேலை இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் ஊருக்குத் திரும்பின. இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணீரைப் பிரித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். மிச்சமாகும் கலப்பு உப்பும் கசடும் மூட்டை மூட்டையாகத் தேங்குகின்றன. தொழில் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அதில்தான் சாப்பிடுகிறார்கள். ஆனாலும் எங்கோ ஒரு கடையில் பளிச்சென்று தொங்கும் வெள்ளைப் பனியனின் அழுக்கு எங்கே இறங்கியது என்று எங்கள் ஊருக்குத் தெரியும்.

கழிப்பறை விஷயத்தில் மாற்றம் தலைகீழாக நடந்தது. வீட்டில் முதன்முதலாகக் கட்டியபோது அம்மிச்சி முகம் சுளித்தார். “சோறாக்கற ஊட்டுக்குள்ளயே போறதா கண்ணு? அதென்ன அசிங்கம்!” காட்டுக்குப் போவதுதான் அவருக்குச் சுத்தம், வீட்டிலிருந்து தள்ளிப் போவதால். கொக்கிப்புழு மண் வழியாக வெறுங்காலில் ஏறுவதும், இருட்டுக்காகப் பெண்கள் நாளெல்லாம் அடக்கிக்கொண்டு இருப்பதும் அந்தக் கணக்கில் வரவில்லை. பத்து வருஷத்தில், கடைசி மாடி ரூமுக்கும் அட்டாச்டு பாத்ரூம் கேட்கிற ஆட்களாகிவிட்டோம். கீழே செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரி வருகிறது. அது எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை. கையால் மலம் அள்ளுவதை 1993இலும், இன்னும் கடுமையாக 2013இலும் சட்டம் தடை செய்தது. அப்படியிருந்தும் குழிக்குள் ஆட்கள் இறங்கிச் சாகிறார்கள். 2023இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சாகிறவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உயர்த்த வேண்டிய நிலையில்தான் இருக்கிறோம்.

கோவை நகரத்தின் குப்பை வெள்ளலூருக்குப் போகிறது. ரோமானிய நாணயப் புதையல்கள் கிடைத்த பழைய ஊர் அது. இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் நாணயம் நினைவுக்கு வராது. கிடங்கு பற்றி எரியும்போது சுற்றுவட்டாரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஈரமும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகக் கிடப்பதால்தான் எரிகிறது. மக்கும் பொருள் காற்றில்லாமல் அடியில் அழுகும்போது மீத்தேன் வருகிறது, மேலே இருக்கும் பிளாஸ்டிக் அதற்கு விறகாகிறது. குப்பையைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லும் விதிகள் 2016லேயே வந்துவிட்டன. நகரத்துக் குப்பையை உரமாக்கிக் கொடுத்தால் விவசாயி கையில் எடுத்து உதிர்த்துப் பார்க்கிறார். கண்ணாடிச் சில்லும் ஷாம்பு பாக்கெட்டும் தட்டுப்பட்டால் வேண்டாம் என்று விடுகிறார். வண்டிக் கணக்கில் காசு கொடுத்துக் குப்பை வாங்கிய பரம்பரை அது. எது குப்பை என்று அவருக்குத் தெரியும்.

2020இல் தமிழ்நாடு அரசு துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டியோடு வரும் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்து சில வருஷம் ஆகிறது, கையுறை எப்போதாவதுதான் வருகிறது. போன மாசம் அவர் ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தார். யாரோ ஷேவிங் பிளேடைச் சோற்றோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எந்த வீடு என்று அவருக்குத் தெரியும், கேட்டால் சொல்லமாட்டேன் என்றார். அன்றிலிருந்து நாங்கள் காய்த்தோல், டீத்தூள், முட்டை ஓடு எல்லாவற்றையும் தனி வாளியில் வைக்கிறோம். நேற்று அதை வண்டியில் கவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார்.

“இது நல்ல குப்பைங்க. எங்கய்யன் பண்ணையத்துல இருந்தப்ப காட்டுக்கு இந்த மாதிரிதானுங்க அடிப்பாங்க” என்றார். வாளியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் விளிம்பைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் நீட்டினார்.